மோப்பக் கம்பம்

செவ்வாய்க்கிழமை விடிந்து பால் வாங்கப் போனவர்கள் கண்ணில்தான் அது முதலில் பட்டது. வெள்ளிக்கரட்டு ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்து மருந்துக் காட்டின் நடுவில் நின்ற மோப்பக் கம்பத்தின் உச்சியில், இரண்டரை மாதமாகப் பச்சையாக எரிந்த விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்குள் அங்கே செடி வளர்க்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வேலியோரம் வந்து சேர்ந்துவிட்டார்கள். வந்தவர்கள் கம்பத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் பாத்தியைப் பார்த்தார்கள். அவரவர் பாத்தியை அவரவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"எந்த வீட்டு ஆணுன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு" என்று பொதுவாகச் சொன்னாள் மின்னல்கொடி. கை நடுக்கம் உள்ள கணவனுக்காகச் செடி வளர்ப்பவள் அவள்.

"ஏன் மதினி, உங்க வீட்டு ஆணா இருந்தா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, "எங்க வீட்டு ஆணுக்கு டம்ளரப் பிடிக்கவே தெம்பு இல்ல, தூளா பறக்க விடப்போறாரு?" என்றாள். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது.

அரசாணையில் இதற்கு 'இல்ல மருந்துத் திட்டம்' என்று பெயர். ஊரில் கஞ்சாக் காடு என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இதே மலைச்சரிவில் இந்தச் செடியை வைத்தவர்களைப் போலீஸ் விரட்டிப் பிடித்தது. இன்று அதே செடிக்கு அரசாங்கமே வேலி கட்டி, சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறது. வீட்டில் வலிப்போ, தீராத வலியோ, நடுக்கமோ உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. வீட்டுக்கு ஆறு செடி. பன்னிரண்டு வீட்டாரும் இதற்குப் புதியவர்கள். முன் அனுபவம் உள்ளவர் யாராவது இருந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை.

புதியவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே ஆண், பெண் பார்ப்பதுதான். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. விதையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆறேழு வாரம் வளர்ந்த பின், கிளை தண்டோடு சேரும் கணுவில் லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வெள்ளை மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தால் பெண். குட்டிக் குட்டிப் பந்துகள் தொங்கினால் ஆண். அதற்காகவே வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்று கொடுத்து, ஆணைப் பிடுங்கியபின் ஆறு பெண்ணை மட்டும் நிற்கவிடுவார்கள். மருந்து பெண் பூவின் பிசினில் இருக்கிறது. ஆண் தூள் வந்து சேராதவரை, அது வரும் வரும் என்று காத்திருக்கும் பூ பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். தூள் ஒட்டிவிட்டால் அதன் கவனமெல்லாம் விதை பிடிப்பதில் போய்விடும், மருந்து பாதியாகிவிடும். ஒரே ஒரு ஆண் செடி ஒளிந்திருந்தால் போதும், காற்றடிக்கும் திசையில் இருக்கிற அத்தனை வீட்டு மருந்தும் போச்சு.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கம்பம். அதன் நடுவில் இருக்கும் சல்லடை மூக்கு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். சிக்கிய தூளைப் பிரித்து, அதற்குள் இருக்கும் பரம்பரைக் குறியைப் படிக்கும். நாற்றாக இருந்தபோதே எல்லாச் செடியிலிருந்தும் ஒரு இலை கிள்ளிக் குறியைப் பதிவு செய்து, பிறகு ஆணா பெண்ணா என்றும் எழுதிவிட்டார்கள். ஆகவே இன்ன வீட்டு இன்ன செடி என்று கம்பம் பெயரே சொல்லும். சிவப்பு எரிந்து ஒரு வாரத்துக்குள் குற்றவாளி தெரியாவிட்டால் எழுபத்திரண்டு செடியும் பிடுங்கப்படும். தெரிந்துவிட்டால் அந்த வீட்டின் ஆறு செடி மட்டும் போகும். அந்த வீடு ஆயுளுக்கும் திட்டத்தில் சேர முடியாது.

பத்து மணிக்கு ஆய்வாளர் ஜெரால்டின் ஜீப் வந்து நின்றதும் தர்ஷினி சாவியோடு கம்பத்தடிக்குப் போனாள். முப்பத்தாறு வயது. ஊர் முக்கில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தாள். கருகிய பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியில் எத்தனை சுற்று என்று எண்ணி, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் தொழில். மெஷினைக் கண்டு மிரளாதவள் என்று ஊர்க்கூட்டத்தில் அவளைத்தான் சீட்டுப் படிக்கத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கம்பம் தானே பேசுமாறு செய்திருக்கலாம். முதலில் அப்படித்தான் செய்தார்கள். பேசிய கம்பங்களையெல்லாம் ஊர்க்காரர்கள் கல்லால் அடித்து உடைத்தார்கள். அதற்குப் பிறகு, வாராவாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வளர்ப்பவர்களில் ஒருவரே சீட்டை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும், படித்தது மட்டுமே பதிவேட்டில் ஏறும் என்று விதியை மாற்றினார்கள். கம்பங்கள் உடைபடுவது நின்றது.

"ஆண் தூள். அளவு நான்கு. மூலம் ஆய்வில் உள்ளது" என்று படித்தாள் தர்ஷினி.

"அடுத்த செவ்வா பேரு வரும்" என்றார் ஜெரால்டு. "அதுக்குள்ள வச்சிருக்கிறவங்க நீங்களா வந்து சொல்லிட்டா நல்லது."

ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தார்கள்.

வீட்டில் தம்பி கவியரசன் கட்டிலில் உட்கார்ந்து மருந்துச் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. திராட்சை ஏற்றும் மினி லாரி ஓட்டியவன். ஓட்டும்போதே ஒரு நாள் வலிப்பு வந்து, லாரி கண்மாய்க்குள் இறங்கியது. அதன்பின் வாரத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை என்று வந்தது. திட்டத்தில் சேர்ந்தபோது கொடுத்த எண்ணெயை எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை. கையில் இருக்கும் கடைசிக் குப்பி இன்னும் ஐம்பது நாளைக்கு வரும். அதற்கு மேல் சொந்தச் செடியின் மருந்துதான். ஐப்பசி நடுவில் அறுவடை.

"பத்து, பதினொன்னு, பன்னெண்டு" என்று முடித்து நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். "என்னக்கா, ஊரே ஒருத்தர் பாத்தியை ஒருத்தர் எட்டிப் பாக்குதாமே? நம்ம பாத்தியை யாரு பாக்குறா?"

"எல்லாரும்தான்."

"உனக்கு யாரு மேல சந்தேகம்?"

தர்ஷினி குப்பியை வாங்கி மூடியைத் திருகினாள். மனசில் ஒரு ஆள் இருந்தார். எல்லார் மனசிலும் அதே ஆள்தான் இருந்தார்.

ஒச்சப்பன் பப்பாளி விவசாயி. அவருடைய பாத்தி மற்றவர்களுடையதைப் போலக் கம்பத்தைச் சுற்றி இல்லாமல் தென்கோடியில், அவர் பப்பாளித் தோப்பின் முதல் வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் மனைவி கண்ணுக்குச் செடி தெரியவேண்டும் என்று கேட்டு வாங்கிய இடம். எலும்பில் புற்று வந்த முத்துப்பேச்சிக்கு அந்த எண்ணெய் உள்ளே போனால்தான் எழுந்து உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட முடியும். மறைவான இடம், மரங்களுக்குப் பின்னால். வேறென்ன வேண்டும் சந்தேகப்பட?

வியாழக்கிழமை தர்ஷினி தோப்புக்குப் போனாள்.

"வா மருமகளே. கம்பம் பிடிச்ச மோப்பம் பத்தாதுன்னு நீயும் வந்துட்டியா?" என்றார் ஒச்சப்பன். ஒரு பழத்தை வகிர்ந்து கையில் கொடுத்தார்.

"மாமா, மறைக்காமச் சொல்லுங்க. ஆண் செடி எதையாச்சும் விட்டு வச்சிருந்தீங்களா?"

அவர் கத்தியைத் துண்டில் துடைத்தார். உள்ளே முத்துப்பேச்சி இருமும் சத்தம் கேட்டது.

"வச்சிருந்தேன்" என்றார். "முப்பது வருசமா பப்பாளி போடுறேன். பத்து பொம்பள மரத்துக்கு ஒரு ஆம்பள மரம் நிக்கணும். இல்லேன்னா பூவு பூவா உதுந்துபோகும், காய் நிக்காது. இதுவும் அந்த மாதிரித்தேன்னு நெனச்சு ஒன்ன விட்டு வச்சேன். ஆபீஸ்காரவுகளுக்கு விவசாயம் தெரியாதுன்னு எங்களுக்கு எப்பவும் ஒரு நெனப்பு உண்டுல்ல? அப்புறம் நீதான கூட்டத்துல வெளக்குன, இதுல காய் பிடிச்சாத்தேன் நட்டம்னு. அன்னைக்கே வந்து புடுங்கித் தீயில போட்டுட்டேன்."

"எப்ப?"

"ஆடி கடைசில."

"மொட்டு விரிஞ்சிருந்துச்சா?"

"விரியல. பப்பாளிக்காரனுக்குப் பூ விரிஞ்சதும் விரியாததும் தெரியாதா, மருமகளே? சத்தியமா விரியல."

அவள் செடி எரிந்த இடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கரி இருந்தது. அது எந்தச் செடியின் கரி என்று கரியைப் பார்த்து யார் சொல்ல முடியும்? திரும்பி நடக்கும்போது, ஒன்றை வைத்திருந்ததாக ஒத்துக்கொள்கிற ஆள் இரண்டை வைத்திருக்க மாட்டாரா என்று தோன்றியது. தோன்றிய பிறகு, பழத்தின் இனிப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாதியை வேலிக்கு வெளியே எறிந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சீட்டில் பெயர் வந்தது.

"மூலம்: ஒச்சப்பன் வீடு, ஆண் மூன்று. பொருத்தம் நூற்றுக்கு எழுபத்தொன்று."

கூட்டத்தில் பெருமூச்சு ஒன்று எழுந்தது. ஜெரால்டு மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "எண்பது இருந்தாத்தான் சீட்டை மட்டும் வச்சு நடவடிக்கை எடுக்க முடியும். எழுபத்தொன்னுக்குச் சாட்சி வேணும். இல்லேன்னா இன்னைக்கே கெடு முடியுது. எல்லாத்தையும் எடுக்கிறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

ஆண் மூன்று என்பதுதான் தான் எரித்த செடி என்று ஒச்சப்பன் வாய் திறக்கவில்லை. மின்னல்கொடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷினிக்குத் தம்பியின் நாக்கில் விழும் சொட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னும் நாற்பத்துமூன்று நாள்.

"ஒரு ஆண் செடிய விட்டு வச்சிருந்ததா அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டாரு" என்றாள்.

ஒச்சப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை. "மொட்டு விரியலைன்னும் சொன்னேனே, மருமகளே."

அது சாட்சியில் ஏறவில்லை. பதினைந்து நிமிடத்தில் ஆறு செடியையும் வேரோடு பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அடுத்த வாரம் தூளின் அளவு இரண்டு. அதற்கடுத்த இரண்டு வாரமும் ஒன்று. அவ்வளவு குறைந்த தூளுக்குச் சீட்டில் மூலம் போடுவதில்லை. முழுக்க நின்றால்தான் விளக்கு பச்சைக்கு மாறும் என்பதால் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. "நீ மட்டும் வாயத் தொறக்கலேன்னா எல்லார் பொழப்பும் போயிருக்கும் தர்ஷினி" என்று மின்னல்கொடி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். மதிய நேரங்களில் தோப்புப் பக்கமிருந்து, எண்ணெய் தீர்ந்துபோன முத்துப்பேச்சியின் குரல் கேட்கும். பேச்சாக இருக்காது. பட்டறையில் தர்ஷினி கிரைண்டரை ஓடவிட்டாள், வேலை இல்லாதபோதும்.

கவி ஒரு நாள் கேட்டான். "அக்கா, அவரு செடி ஆடியிலயே எரிஞ்சுபோச்சுல்ல? ஆவணி கடைசில பறந்த தூளு எங்கருந்து வந்துச்சு?"

"எரிச்சேன்னு அவரு சொன்னாரு. நீ பாத்தியா?"

"பாக்கல. நீயும் பாக்கல."

"சோத்தத் தின்னு."

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை சாயங்காலம், கம்பத்துக்குச் சீட்டுக் காகிதச் சுருளை மாற்றப் போனவள், மறுநாளுக்காக அச்சாகி நின்ற சீட்டைப் பார்த்தாள். அளவு ஆறு. மூலம்: ஒச்சப்பன் வீடு, ஆண் மூன்று. பொருத்தம் எழுபது.

இரண்டாம் தடவை பெயர் வந்தால் பொருத்தம் எவ்வளவு என்று பார்க்கத் தேவையில்லை. மறைத்து வளர்த்த வழக்கு, நேராகச் சிறை. நாளைக் காலை பத்து மணிக்கு அதை அவள் வாயால் படிக்க வேண்டும்.

முதலில் கோபம்தான் வந்தது. பாவி மனுசன், இன்னொன்றையும் ஒளித்து வைத்திருக்கிறார்! ஆனால் தொழிலில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. லைனில் கோளாறு என்று சொல்வதற்கு முன் தன் மீட்டரைச் சோதித்துவிடுவாள். லென்ஸை எடுத்துக்கொண்டு சொந்தப் பாத்தியில் குனிந்தாள்.

மூன்றாவது செடி. கீழ்க் கிளையில் கட்டை விரல் தடிமனில் பூத்திருந்த கொத்து. வெள்ளை மயிரிழைகளை ஊசியால் விலக்கினாள். அடியில், உரித்த வாழைப்பழத்தை அரிசி அளவுக்குச் சுருக்கியதுபோல மஞ்சளாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஊசி பட்டதும் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மிகவும் துன்பப்பட்ட பெண் செடி, ஆண் வராதோ என்று பயந்ததுபோல, தன் பூவுக்குள் தானே ஆண் உறுப்பை வளர்த்துக்கொள்ளும். எந்தத் துன்பம் என்று வரி சொல்லவில்லை.

ஆறு செடியையும் பார்த்தாள். ஐந்தில் மஞ்சள் இருந்தது. ஆறாவதில் தேடித் தேடியும் இல்லை. அந்த ஆறாவது செடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றது. மற்ற ஐந்தும் எதன் பார்வையில் நின்றன என்று திரும்பிப் பார்த்தாள். கம்பத்தின் சிவப்பு அவள் முகத்தில் விழுந்தது.

ஓடிப்போய் கவியைக் கூட்டிவந்தாள்.

"இந்தச் செடி பூக்கிறது இருட்ட எண்ணித்தாண்டா" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "பகலு எவ்வளவுங்கிறது அதுக்கு முக்கியமில்ல. ராத்திரி இடையில வெளிச்சமே இல்லாம எவ்வளவு நேரம் போகுதுன்னு கணக்கு வச்சுக்கும். பச்சை வெளிச்சம் அதுக்கு அவ்வளவாத் தெரியாது. சிவப்புதான் அதோட கண்ணு. நடு ராத்திரில சிவப்பு பட்டா அதுக்கு விடிஞ்ச மாதிரி. அஞ்சு வாரமா இதுக தூங்கவே இல்லடா. ராத்திரியா பகலான்னு தெரியாமக் குழம்பி..."

"இரு, இரு" என்றான் கவி. "ஆண் தூள் இருக்குன்னு சிவப்பு எரியுது. சிவப்பு எரியுறதால ஆண் தூள் வருது. அதனால சிவப்பு எரியுது. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"முதல்ல எரிஞ்சதுக்கு?"

"மலை மேல எங்கயோ தானா முளைச்ச செடியா இருக்கலாம். யாருக்குத் தெரியும்? அளவு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சுல்ல. அது போயிருச்சு. இது நம்மளுது."

"அப்ப ஏன் ஒச்சப்பன் மாமா பேரு வருது?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். மஞ்சளில் ஒன்றை ஊசி முனையில் எடுத்துப் போய்க் கம்பத்தின் மூக்கருகே தட்டினாள். சோதனைப் பொத்தானை அழுத்தி, கால் மணி நேரம் இருவரும் காத்திருந்தார்கள். சீட்டு வந்தது. ஒச்சப்பன் வீடு, ஆண் மூன்று, பொருத்தம் எழுபது.

கவி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம செடியக் கொண்டு போய்க் காட்டினா அவரு பேரச் சொல்லுது!"

"தூள்னா ஆண்கிட்ட இருந்துதான் வரும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதனால ஆண்னு எழுதின செடிக பட்டியல்ல மட்டும்தான் தேடும். பொண்ணுன்னு எழுதினதப் பக்கமே போகாது. எல்லாம் ஒரே தாயோட விதைங்க, சாயல் எல்லாத்துலயும் இருக்கும். பட்டியல்ல யாரு சாயல் கிட்ட வருதோ அவரு பேரு. தெரியலைன்னு சொல்ல அதுக்குச் சொல்லிக் கொடுக்கல."

"எழுபது மார்க்கு. பாஸ்தான், என்ன?" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சீட்டைக் கீழே வைத்தான்.

"அவரு பாத்திக்கு முன்னாடி பப்பாளி வரிசை இருக்கு" என்றாள் மெதுவாக. "இந்த வெளிச்சம் அங்க போயிருக்காது. அவரு செடி ஆறும் இருந்திருந்தா, இந்தக் காட்டுலயே சுத்தமா நின்னிருக்கிறது அதுதான்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"இந்த மஞ்சளக் கிள்ளிப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தா யாருக்கும் தெரியாது" என்றாள். "இன்னும் மூணு வாரம்தான் அறுப்புக்கு. சொல்லிட்டேன்னா நம்ம பேர ஆயுளுக்கும் அடிச்சிருவாங்க."

அவள் அதைக் கேள்வியாகத்தான் சொன்னாள் என்பது கவிக்குத் தெரிந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"எனக்கு மறுபடி வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில ஸ்பூன் கீன் எதையும் திணிக்காத. போன தடவ பல்லு போச்சு" என்றான். "லாரி ஓட்டுறதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பரவாயில்ல. கிளீனரா போயிடுறேன்."

செவ்வாய்க்கிழமை பத்து மணி. இந்த முறை ஒச்சப்பனும் வரவழைக்கப்பட்டிருந்தார். நாலே வாரத்தில் அவர் சட்டைக்குள் அவர் பாதியாகியிருந்தார். தர்ஷினி சீட்டை விரித்தாள்.

"அளவு ஆறு" என்று படித்தாள். "மூலம்: தர்ஷினி வீடு, பெண் மூன்று."

ஜெரால்டு பேனாவை நிறுத்தினார். அவள் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? சீட்டுல அப்படி இல்லையே. பெண் செடியில எப்படித் தூள் வரும்? படிவத்துல அதுக்கு இடமே இல்ல."

"படிவத்த விடுங்க சார். செடியப் பாருங்க."

எல்லாரையும் தன் பாத்திக்கு அழைத்துப் போனாள். கொத்தை விலக்கிக் காட்டினாள். ஜெரால்டு லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். விளக்கைப் பற்றியும், ஐந்து செடி, தொட்டிக்குப் பின்னால் ஆறாவது செடி பற்றியும், மூக்கருகே தட்டிப் பார்த்தது பற்றியும் அவள் ஒன்று விடாமல் விளக்கினாள். பிறகு மற்றவர்கள் பார்க்கட்டும் என்று லென்ஸை நீட்டினாள்.

யாரும் குனியவில்லை.

புதியவர்கள். ஒரு இலை மஞ்சளானால்கூடக் கூட்டமாக வந்து எட்டிப் பார்க்கிறவர்கள். ஆனால் இன்று அது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்றார். லென்ஸைக் கையில் வாங்கிய மின்னல்கொடி, அதைக் கண்ணுக்குக் கொண்டு போகாமல் முந்தானையால் துடைத்து, துடைத்து, திருப்பிக் கொடுத்தாள். அவள் வலது கை ஆள்காட்டி விரல் நகத்துக்கடியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

தர்ஷினி பத்து முகங்களையும் வரிசையாகப் பார்த்தாள். எத்தனை நாளாக? அவளுக்கு முன்பே கண்டுகொண்டு, எத்தனை நாளாக ஆளுக்காள் கிள்ளிக் கிள்ளிப் புதைத்துக்கொண்டு, ஒச்சப்பன் பெயர் வரட்டும் என்று காத்திருந்தார்கள்?

"அந்த விளக்கையாச்சும் அணைச்சிருங்க சார்" என்றாள்.

"அதுக்கு சுவிட்ச் கிடையாதும்மா. தூள் நின்னா அதுவா பச்சையாகும். கம்பத்தத் தொட்டா, மறைச்சா, அது தனி கேஸ்" என்றார் ஜெரால்டு. "நான் மேல எழுதி அனுப்புறேன். இப்போதைக்கு உங்க வீட்ட வச்சு இந்த வாரத்த முடிச்சுக்கலாம். ஐயா, நீங்க போகலாம்."

ஒச்சப்பன் போகாமல் நின்றார். செடியைப் பிடுங்க ஆட்கள் இறங்கியபோது கவி முன்னால் வந்து, "எம் மருந்து, நானே புடுங்குறேன்" என்று முதல் செடியைப் பிடித்தான். வேர் நன்றாக இறங்கியிருந்தது. வர மறுத்தது. ஒச்சப்பன் வந்து அவனோடு சேர்ந்து இழுத்தார்.

அன்று சாயங்காலத்திலிருந்து தர்ஷினி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஊசி மருந்துக் குப்பி அளவுக்கு ஒன்று. உள்ளே அவரவர் பங்கிலிருந்து பிரித்த எண்ணெய். "தம்பிக்கு" என்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். படிப்பவரைப் பருவ நடுவில் மாற்ற விதியில் இடமில்லை, அடுத்த செவ்வாயும் அவள்தான் படிப்பாள் என்பதும் வந்தவர்களுக்குத் தெரியும். பத்து குப்பியில் மின்னல்கொடி கொடுத்ததுதான் பெரியது.

"இது பாசமா, பயமா அக்கா?" என்றான் கவி, குப்பிகளை ஜன்னலில் வரிசையாக வைத்து.

"தெரியல."

"சொட்டுல வித்தியாசம் தெரியல" என்று நாக்கைச் சப்பினான்.

ஐந்தை எடுத்துக்கொண்டு அவள் தோப்புக்குப் போனாள். ஒச்சப்பன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் வாசலிலேயே நின்றாள். ரொம்ப நேரம் கழித்து உள்ளிருந்து முத்துப்பேச்சியின் குரல், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டது. பேச்சாகவே கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விளக்கு சிவப்பாகத்தான் இருந்தது. அளவு ஒன்பது. மூலம்: ஒச்சப்பன் வீடு, ஆண் மூன்று. மேலே எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஜெரால்டு இந்த முறை போலீஸ்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். "சீட்டுல இருக்கிறத மட்டும் படிங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பத்து வீட்டுக்காரர்களும் தர்ஷினியின் வாயையே பார்த்தார்கள். இழக்க அவளிடம் செடி இல்லை. யார் பெயரை வேண்டுமானாலும் அவள் சொல்லலாம், சொன்ன இடத்தில் மஞ்சள் இருக்கும். ஒரு நொடி அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்தது தெரிந்ததும் சீட்டை மடித்தாள். கம்பத்தின் மூக்கு அவள் தலைக்கு மேல் மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"வளர்க்கிறவங்கள்ல ஒருத்தர் படிக்கணும்னுதான விதி?" என்றாள். "எனக்குச் செடி இல்ல. நீங்க படிங்க மதினி."

மின்னல்கொடி வேறு வழியின்றி வாங்கினாள். ஒரு வரிச் சீட்டு. அதைப் படிக்கும் நேரத்தைவிடப் பலமடங்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். அடுத்தவர் வாங்கி, மடித்து, அதற்கடுத்தவரிடம் தந்தார். பத்து கை சுற்றி, வியர்வையில் ஈரமாகி, சீட்டு மறுபடி மின்னல்கொடியிடமே வந்து சேர்ந்தது.

"யாராச்சும் படிங்கப்பா, வெயில் ஏறுது" என்றார் ஜெரால்டு.

ஒச்சப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எதுக்கு இந்தக் கூத்து? எம் பேருதான போட்டிருக்கு?" என்று கையை நீட்டினார். "குடு தாயி. நானே படிச்சுட்டுப் போறேன்."

சீட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மின்னல்கொடி மறுமுனையை விடவில்லை.